பல்லோடு பறந்தது

அந்தப் பறவைக்குப் பல் இருந்தது. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள். சிரிக்கும்போது அவர்கள் பல் தெரிகிறது. தெரியட்டும். கோழிக்கு இருக்கா, கொக்குக்கு இருக்கா என்று கேட்பவர்களோடு நான் இப்போதெல்லாம் மல்லுக்கு நிற்பதில்லை. இருந்தது, அவ்வளவுதான். டைனோசர்கள் நடமாடிய காலத்தில், ஆழமில்லாத ஒரு கடலின் ஓரத்தில், நம் ஊர் ஆலாவைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லாத ஒரு பறவை. ஆலாவைப் போலவே காற்றில் நின்று, தலையைக் கவிழ்த்து, தண்ணீரைக் கிழித்து இறங்கும். அலகின் நுனி வெறுமையாக இருக்கும். கொஞ்சம் உள்ளே, தாடையின் நடுவில், மேலும் கீழும் உள்பக்கம் வளைந்த சின்னச் சின்னப் பற்கள். வழுக்கும் மீன் அங்கேதான் தோற்கும்.

நான் அதை முதன்முதலில் பார்த்தது வயல் வரப்பில் நின்றுகொண்டு, போனில்.

குத்தாலத்துக்குப் பக்கத்தில் எங்கள் நிலம். வீட்டுக்காரர் மஸ்கட்டில் இருக்கிறார். அதனால் நடவும் அறுப்பும் என் தலையில். சம்பா நடவுக்குச் சேறடிக்க ஐப்பசி முதல் வாரம் டிராக்டர் வயலில் இறங்கியிருந்தது. அதன் பின்னால் கொக்குகள் கல்யாணப் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி முண்டின. அவற்றுக்கு மேலே ஆலாக்கள். அவை முண்டுவதில்லை. மேலேயே நின்று பார்த்து, ஒரு கோடு கிழித்து, எடுத்துக்கொண்டு போய்விடும். எனக்கு ஆலாவைப் பிடிக்கும். ஓரிடத்தில் உட்காராத எதையும் எனக்குப் பிடிக்கும்.

என் மகள் பக்கத்தில் நின்றாள். திருச்சியில் நிலவியல் படித்துவிட்டு, அங்கேயே நிலத்தடி நீர் பார்த்துச் சொல்லும் ஒரு கம்பெனியில் வேலையில் இருக்கிறாள். லீவு போட்டு வந்திருந்தாள். புதன்கிழமை கும்பகோணத்தில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். மேல்வரிசையில் உதட்டைத் தள்ளிக்கொண்டு நிற்கும் அவளுடைய நாலு முன்பற்களையும் எடுத்துவிடுவதாக ஏற்பாடு. தீபாவளி கழிந்து மூன்றாம் வெள்ளிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் தற்காலிகமாக நாலு பல் கட்டி, கல்யாணத்துக்குள் நிரந்தரமாகக் கட்டிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கம்பி போட்டு இழுப்பதென்றால் ஒன்றரை வருஷம் ஆகுமாம். ஒன்றரை வருஷம் யார் காத்திருப்பார்கள்.

"அம்மா, இங்க பாரு" என்று போனை நீட்டினாள். யாரோ வரைந்த படம். வெள்ளை இறகு, வாய் திறந்திருந்தது. உள்ளே வரிசையாக.

"என்னடி இது?"

"என் சொந்தக்காரங்க. நம்ம வம்சத்துலயே யாருக்கும் இல்லாத பல்லு எனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சுன்னு அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்கல்ல. கண்டுபிடிச்சுட்டேன்."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போது வழக்கம்போல் கை தானாக வாய்க்குப் போனது. நான் டிராக்டரைப் பார்த்தேன். மூலையில் சரியாக அடிக்கவில்லை என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். மூலை சரியாகத்தான் இருந்தது.

வம்சத்தில் யாருக்கும் இல்லாத பல். அந்தப் பொய்யைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவள் நான்.

எனக்கும் இருந்தது. அதே நாலு. வாயை மூடினாலும் மூடாத வாய். பள்ளிக்கூடத்தில் என் பேர் தேங்காய்த்துருவி. மழை வந்தால் "வாங்கடி, இவ பல்லுக்கடியில ஒதுங்கலாம்" என்பாள் ஒருத்தி. ஒருநாள் அவள் கையைப் பிடித்துக் கடித்தேன். நாலு பல்லும் தனித்தனியாகப் பதிந்திருந்தது, கயிறு பிடித்து நட்ட மாதிரி. அதற்கப்புறம் அவள் மழையில் நனைந்துகொண்டுதான் போனாள்.

இருபது வயதில் மூன்று வீட்டார் வந்து பார்த்தார்கள். மூன்று வீட்டாரும் காப்பி குடித்தார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மூன்றாவது வீட்டார் போன மறுவாரம் அப்பா என்னை மாயவரத்துக்கு அழைத்துப் போனார். இரண்டு தடவையாக நாலு பல்லையும் எடுத்தார்கள். டாக்டர் அவற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "வேணுமாம்மா?" என்று விளையாட்டாகக் கேட்டார். வேணும் என்று தலையாட்டினேன். காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

பால்பல் விழுந்தால் சாணிக்குள் வைத்து உருட்டிக் கூரைமேல் எறிவது எங்கள் பக்கத்தில் எல்லாப் பிள்ளைகளும் செய்வது. எறிந்தால் புதுப்பல் முளைக்கும். இரண்டாம் தடவை போய்வந்த அன்று நான் மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். நாலையும் ஒரே உருண்டையாக உருட்டினேன். வாசலில் நின்று ஓட்டுக் கூரைமேல் ஓங்கி எறிந்தேன். எனக்கு இனி முளைக்காது என்று தெரியும். தெரிந்துதான் எறிந்தேன். திரும்பி வா என்று வாய்விட்டுச் சொன்னேன். வாயில் பஞ்சு இருந்ததால் எனக்கே அது புரியவில்லை. அம்மா மட்டும் வந்து பார்த்துவிட்டு, "உள்ள வாடி, ரத்தம் வருது" என்றாள்.

கழற்றி மாட்டுகிற பல்செட் வந்தது. ஆறு மாதத்தில் கல்யாணமும் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்ன கதை இதுதான்: ஒன்பது வயதில் வாய்க்கால் மதகில் விழுந்து முன்பல் உடைந்துபோனது. விழுந்து உடைந்தால் அது விபத்து. பிறந்தே அப்படி என்றால்தான் குறை. விழுந்தது பிள்ளைக்கு இறங்காதல்லவா.

அந்த மதகை நான் நன்றாகவே கட்டினேன். முதல் வருஷம் வெறும் மதகு. அப்புறம் அதில் பாசி வந்தது. அப்புறம் என் கையில் ஒரு தூக்குவாளி வந்தது, அதில் மோர் இருந்தது. வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்துப் போய் மதகைக் காட்டவும் செய்தேன். அவர் குனிந்து அந்தச் சிமெண்டைத் தடவிப் பார்த்தார்.

"இதுலயா?"

"ஆமாங்க. இந்த முனையில."

மகளுக்கு எட்டு வயதில் முன்பற்கள் இறங்கின. அளவு, சாய்வு, நடுவில் இருக்கும் சின்ன இடைவெளி வரைக்கும் என் பல். கூரைமேல் எறிந்தது சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தது.

அடுத்த வீட்டில் என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். எங்கள் குடும்பத்தில் விசாரணையும் அவர்தான், தீர்ப்பும் அவர்தான். பிள்ளையின் தாடையைப் பிடித்துத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எங்க பக்கம் எல்லாருக்கும் வரிசையான பல்லு. உங்க அம்மா அப்பாவுக்கும் நல்லாத்தான் இருக்கு. உனக்குன்னா விழுந்து உடைஞ்சது. அப்ப இது யாரு பல்லு?"

விரல் சூப்பியதால் வந்தது என்று தீர்ப்பானது. அவள் விரல் சூப்புவதை எப்போதோ விட்டிருந்தாள். தூக்கத்தில் சூப்புகிறாள் என்று முடிவு செய்தார்கள். ஒரு வருஷம், தினமும் அந்தி சாய்ந்ததும், அவள் கட்டைவிரலில் வேப்பெண்ணெய் தடவினோம். தடவினோம் என்று எழுதுவதுகூடத் தப்பு. தடவினேன். அது யார் பல் என்று அந்த வீட்டில் தெரிந்திருந்த ஒரே ஆள். என் கையால். அவள் அந்த விரலைத் தன்னுடையது இல்லை என்பதுபோல் பாய்க்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டு தூங்குவாள்.

வரப்பில் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வீடு கொள்ளவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சும்மாவே இரண்டு முறை பம்புசெட்டுக்குப் போய்வந்தேன். நாங்கள் நிற்கிற இந்த வண்டல் பூமி நேற்று வந்தது என்பாள் மகள். அதற்கு முன்னால் இங்கே கடல். கொள்ளிடத்தைத் தாண்டி அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற குழிகளில் இன்றைக்கும் கடற்சிப்பி கல்லாகக் கிடைக்கிறது. படிக்கும்போது கொண்டுவந்த ஒன்று எங்கள் வீட்டு ஜன்னலில் கிடக்கிறது. அந்தப் பல் பறவை நம் பக்கம் இருந்ததாக நான் எங்கும் படிக்கவில்லை. அதன் எலும்பு கிடைத்தது அமெரிக்காவில். அதனால் என்ன. கடல் என்று ஒன்று இருந்தால் அதன் ஓரத்தில் பசியோடு ஏதாவது பறந்திருக்கும். அது வாயை மூடிக்கொண்டு பறந்திருக்காது.

திங்கட்கிழமை காலை அண்ணி எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். புதன்கிழமைக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஆய்ந்தார். மகள் குறுக்கே புகுந்தாள்.

"அத்தை, ஒரு கதை சொல்லட்டா? ஒரு கடல் பறவையோட எலும்பு சுண்ணாம்புப் பாறையில கெடைச்சுது. றெக்கை, நெஞ்செலும்பு எல்லாம் சுத்தமா பறவை. அதுகூடவே பல்லோட ஒரு தாடை கெடைச்சுது. அதப் பாத்த படிச்சவங்க என்ன பண்ணாங்க தெரியுமா?"

"என்ன பண்ணாங்க?"

"பறவைக்கு ஏது பல்லு, இது பக்கத்துல செத்துக் கெடந்த ஏதோ கடல்பல்லியோடதுன்னு தாடையைத் தனியா எடுத்து வெச்சுட்டாங்க. அதுக்கு வேற ஒரு பேரும் வெச்சாங்க. அப்புறம் இன்னும் சுரண்டிச் சுரண்டிப் பாத்தா, ரெண்டும் ஒரே ஆளு."

அண்ணி ஒரு நாரை உரித்துப் போட்டார். "அது இப்ப இருக்கா?"

"இல்ல. அழிஞ்சு போச்சு."

"பாத்தியா. பல்லு வெச்சிருந்தது போயிடுச்சு. பல்லில்லாத காக்கா குருவியெல்லாம் நல்லா இருக்கு. புதன்கிழமை ஒம்பது மணிக்கு டாக்டர் வந்துடுவாரு. வெறும் வயித்தோட போவாத."

மகள் சிரித்துவிட்டாள். நியாயம்தானே என்பது போன்ற சிரிப்பு. அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"அண்ணி, அழியறதுக்கு முன்னாடி அது எத்தனை லட்சம் வருஷம் பல்லோட பறந்துச்சுன்னு தெரியுமா? மனுஷன் இன்னும் அத்தனை நாள் இருந்து காட்டல."

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். "உனக்கென்ன இவ்ளோ ரோஷம் வருது? உன் பல்லா?"

அரிவாள்மனையில் வெங்காயம் பாதியில் நின்றது. சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல், ஆமா. என் வாய்க்குள் பிளாஸ்டிக் அண்ணத்தில் நாக்கு முட்டியது. "வெங்காயம் போதுமா பாருங்க" என்றேன்.

அன்று மகளிடம் மட்டும் தனியாகக் கேட்டேன். உனக்கு இதில் இஷ்டமா?

"தொலையட்டும்மா. நாலு பல்லுதானே. வாயை மூடி மூடிச் சலிச்சுப் போச்சு எனக்கு. என்னோடதுன்னு யாராவது சொன்னாலாவது வெச்சுக்கலாம். எல்லாரும் எங்கேருந்தோ வந்து ஒட்டிக்கிட்ட மாதிரியில்ல பாக்கறீங்க."

புதன்கிழமை காலை ஸ்கூட்டியில் கிளம்பினோம். கும்பகோணம் ரோட்டில் ஆடுதுறை தாண்டியது. திருவிடைமருதூருக்குக் கொஞ்சம் முன்னால் என் பிறந்த ஊருக்குப் பிரியும் ரோடு. கை தானாகத் திரும்பியது.

"எங்கம்மா போற? லேட்டாவுது."

இரண்டு பக்கமும் புதுத் தண்ணீர் நின்ற வயல்கள். வாய்க்கால் கரையில் வண்டியை நிறுத்தினேன். மதகு அப்படியே இருந்தது. பலகை தூக்கியிருந்தது. தண்ணீர் அடியில் புகுந்து அந்தப் பக்கம் நுரைத்துக்கொண்டு எழுந்தது.

"இதான் அந்த மதகு" என்றேன்.

"தெரியும். அப்பா காட்டியிருக்காரு. நீ மோரைக் கொட்டின எடம்."

"நான் விழல."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"விழவே இல்ல. எனக்கும் உன்ன மாதிரியேதான் இருந்துச்சு. மூணு வீட்டுல வேணாம்னுட்டுப் போனாங்க. எங்கப்பா மாயவரத்துக்குக் கூட்டிட்டுப் போயிப் புடுங்கிட்டாரு. இந்த மதகு, மோரு, தூக்குவாளி எல்லாம் நானே சேத்தது. அது என் பல்லுடி. உனக்கு எங்கேருந்தும் வந்து ஒட்டிக்கல."

மதகுக் கட்டையைக் கையால் தொட்டுப் பார்த்தாள், அவள் அப்பாவைப் போலவே. அழுவாள் என்று நினைத்தேன். கட்டிக்கொள்வாள் என்றுகூட நினைத்தேன். அவள் திரும்பியபோது முகம் கல்லாக இருந்தது.

"அப்ப அந்த வேப்பெண்ணெய்?"

கட்டைவிரலை நீட்டிக் காட்டினாள்.

"ஒரு வருஷம்மா. எனக்கு இப்பவும் அந்த வாடை வந்தா குமட்டும். நான் தூக்கத்துல ஏதோ தப்பு பண்றேன்னு நெனச்சுக்கிட்டுத் தூங்காம கெடப்பேன். உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தடவின."

"ஆமா."

பயமாக இருந்தது, சின்ன வயசு, புகுந்த வீடு என்றெல்லாம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. எல்லாமே உண்மை. எதையும் சொல்லவில்லை. அவளுக்குக் கோபப்பட உரிமை இருந்தது. அதில் நான் தண்ணீர் கலக்கக் கூடாது. தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. வாய்க்காலுக்கு மேலே ஒரு ஆலா வந்து நின்றது, இறங்கவில்லை, போய்விட்டது.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள். "நான் புடுங்கிக்கல. ஆனா ஒண்ணு. அந்த வெள்ளிக்கிழமை நீ செட்டு போடாம வரணும். எல்லாரும் இருக்கறப்ப. யாராவது கேட்டா மதகு வரக் கூடாது."

இருபத்தேழு வருஷமாக அந்த ஓட்டை வாயை நான் கண்ணாடியில்கூட நேராகப் பார்த்ததில்லை. கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செட்டைக் கழுவுவேன். தேர்வு எழுதச் சொன்னால் எழுதியிருப்பேன், வாய்க்காலில் குதிக்கச் சொன்னால் குதித்திருப்பேன். இவள் கேட்டது, அந்த மூன்று வீட்டாரின் முன்னால் மறுபடி போய் நிற்பது.

"சரி" என்றேன்.

அவளே டாக்டருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னாள். திருவிடைமருதூரில் கோயிலுக்கு எதிரே ஒரு கடையில் பூரி சாப்பிட்டோம். என்னோடு பேசவில்லை. ஆனால் கிழங்கை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

அண்ணி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"யாரைக் கேட்டு வேணாம்னு சொன்னீங்க?"

"அவ வேணாம்னா அண்ணி. நானும் வேணாம்னேன்."

"வர்றவங்க இது யாரு பல்லுன்னு கேட்டா நான் வாயத் தொறக்க மாட்டேன். நீயே சொல்லிக்க."

"நானே சொல்லிக்கறேன்."

வீட்டுக்காரருக்குப் போனில் சொன்னேன். திரையில் அவர் முகம் உறைந்துவிட்டது. நெட் போய்விட்டதோ என்று நினைத்தேன். நெட் இருந்தது.

"அப்ப அந்த மதகு?"

"சும்மாதாங்க."

"அந்தப் பக்கம் போறப்பல்லாம் அத ஒரு உதை உதைச்சுட்டுத்தான் போவேன், தெரியுமா? உன் பல்ல உடைச்சுதேன்னு. ஒரு தடவ செருப்பே பிஞ்சு போச்சு." குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். "பாவம் அது" என்றார். என்னைச் சொன்னாரா, மதகைச் சொன்னாரா, அவரிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த மூன்றாம் வெள்ளிக்கிழமைக்கு மகள் மறுபடி திருச்சியிலிருந்து வந்திருந்தாள். தஞ்சாவூர்க்காரர்கள் நாலு மணிக்கு வந்தார்கள். பையன், பையனின் அம்மா அப்பா, இன்னும் இரண்டு பேர். அவர்கள் வருவதற்கு முந்தின நிமிடம் நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். செட்டைக் கழற்றி டம்ளர் தண்ணீரில் போட்டேன். நான் இல்லாமலேயே அது அங்கே சிரித்துக்கொண்டிருந்தது. போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு யோசனை ஓடியது. மகளுக்குத் தெரியும். அவள் கூடத்துக் கதவுப் பக்கம் நின்று என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்க என்று சொல்வதற்கே முன்பல் வேண்டும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. உதடு பல்லைத் தேடிப்போய் வெறுங்காற்றில் விழுந்தது. "பாங்க, உக்காருங்க" என்று என்னவோ ஒரு ஓசை வந்தது. அண்ணியின் கையில் பஜ்ஜித் தட்டு அப்படியே நின்றது. நான் அதை வாங்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தேன். முகத்தைக் குனியவில்லை.

மகள் காப்பி கொண்டுவந்தாள். பையன் கேட்ட எதற்கோ சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. பையனின் அம்மா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். மரியாதையான மனுஷி. தணிந்த குரலில்தான் கேட்டார்.

"உங்களுக்குப் பல்லு...?"

"புடுங்கினதுங்க. எம் பொண்ணுக்கு இருக்கற மாதிரியேதான் எனக்கும் இருந்துச்சு. கல்யாணம் ஆவணும்னு எடுத்துட்டாங்க. அவ எங்கிட்டேருந்து வாங்கினது அது."

சொல்லில் பாதி காற்றாகப் போனது. அர்த்தம் போகவில்லை. பையனின் அப்பா காலண்டரைப் படித்தார். பையனின் அம்மா "ஓ" என்றார். ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். "இப்பல்லாம் நல்ல நல்ல டாக்டருங்க இருக்காங்க. எங்க தெருவுலயே ஒருத்தரு இருக்காரு" என்றார். போய்ப் போன் பண்ணுகிறோம் என்று எழுந்தார்கள்.

கார் திரும்பும் சத்தம் அடங்கியது. அண்ணி நேராகச் சமையலறைக்குள் போனார். டம்ளருக்கு முன்னால் நின்றார்.

"இருபத்தாறு வருஷமா ஏமாத்தியிருக்க."

"ஆமா அண்ணி."

"எங்க குடும்பத்துல செத்துப்போனவங்க பல்லையெல்லாம் எண்ணிப் பாக்க வெச்ச."

"ஆமா."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புள்ள விரல்ல வேப்பெண்ணெய் தடவச் சொன்னது நாந்தானே."

"தடவினது நான்."

அண்ணி எழுந்தார். மீந்த பஜ்ஜியை ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். போகும்போது மகளின் தலையில் கையை வைத்தாரா, கதவு நிலையைப் பிடித்தாரா, சரியாகத் தெரியவில்லை. அவள் நிலையோடு சாய்ந்து நின்றிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது. மகள் திருச்சிக்குக் கிளம்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டேன். அண்ணியும் வந்துவிட்டிருந்தார்.

"எல்லாருக்கும் பொண்ணைப் புடிச்சிருக்கு" என்றார் பையனின் அம்மா. "நல்லா படிச்சிருக்கு, அடக்கமா பேசுது. அந்தப் பல்லு மட்டும் கொஞ்சம் சரி பண்ணிட்டீங்கன்னா மேற்கொண்டு பேசலாம். அது ஒண்ணுதான். மத்தபடி பொண்ணு நல்ல பொண்ணு."

பொண்ணு ஒரு பக்கம், பல் ஒரு பக்கம். பறவைக்கு ஒரு பேர், தாடைக்கு ஒரு பேர். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் போனைக் கையில் எடுத்துவிட்டாள்.

"ஆன்ட்டி, வணக்கம், நான்தான் பேசறேன். ரெண்டும் ஒரே ஆளுதாங்க. தனித்தனியா வராது."

அந்தப் பக்கம் புரியவில்லை. என்னம்மா சொல்ற என்று கேட்டார்கள். அவள் மரியாதை குறையாமல் இன்னொரு முறை சொன்னாள். பல்லோடதாங்க பொண்ணு. சரிம்மா, நாங்க பேசிட்டுச் சொல்றோம் என்று வைத்தார்கள். அப்புறம் பேசவில்லை.

"இனிமே எவன் வருவான்?" என்றார் அண்ணி.

"வர்றவன் பல்லு இருக்குன்னு தெரிஞ்சே வருவான் அத்தை."

"ஆமா, வரிசையில நிக்கறான்" என்றார். ஆனால் அவளுக்கு வழியில் சாப்பிடத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். டப்பாவைப் பையில் திணிக்கும்போது முணுமுணுத்துக்கொண்டேதான் திணித்தார்.

வாசலில் மகள் என்னிடம் கேட்டாள், "சாணி எடுத்துட்டு வரட்டாம்மா? அந்த செட்டைத் தூக்கி மாடியில எறிஞ்சுடலாம்." மதகுக்கு அப்புறம் அவள் என்னிடம் சொன்ன முதல் வேடிக்கை.

"வேணாம். கொய்யாப்பழம் கடிக்கணும்."

வேப்பெண்ணெய்க்கு அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பல் மட்டும் அவள் வாயில் இருக்கிறது. அது போதும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அது இருக்கிறது.

செட்டை இப்போது சாப்பிடும்போது மட்டும் போட்டுக்கொள்கிறேன். மனுஷரைப் பார்ப்பதற்குப் போட்டுக்கொள்வதில்லை. கடிப்பதற்குத்தான் பல். அந்தப் பறவைக்கும் மீன் பிடிக்கத்தான் இருந்தது. கோடிக்கணக்கான வருஷம் கழித்து யாரோ பாறையைச் சுரண்டி முகம் சுளிப்பார்கள் என்று அது தாடையை இழுத்துக்கொண்டு பறந்திருக்காது. பசித்தது, இறங்கியது, கடித்தது, மேலே போனது.

மகள் கிளம்பிப் போன மறுநாள் வயலில் களையெடுப்பு. பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். நான் வரப்பில் நின்று ஏதோ சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒருத்தி நிமிர்ந்து என் வாயைப் பார்த்தாள். அவளுக்கு எதையும் உள்ளே வைத்துக்கொள்ளத் தெரியாது.

"என்னக்கா, பல்லு எங்க போச்சு?"

வரிசை முழுவதும் நிமிர்ந்தது. ஆலா ஒன்று அவர்கள் தலைக்கு மேலே நின்றது.

"எம் பொண்ணு வாயில இருக்கு" என்றேன்.